97 நாட் அவுட்: அப்படி என்ன பெரிய இன்னிங்ஸ்?

மார்ச் 2, காலை

வந்த கேள்வியை அப்படியே வைக்கிறேன்: "குண்டப்பா விஸ்வநாத்தின் டெஸ்ட் சராசரி 41.93. சதம் 14. இதே கணக்கோடு இன்று ஒருவர் வந்தால் நாலாவது இடம் அவருக்கு நிரந்தரம் கிடையாது. அப்புறம் எதற்குச் சென்னைப் பெரிசுகள் அந்த 97ஐ ஐம்பது வருஷமாகத் தூக்கிப் பிடிக்கிறீர்கள்? சதம்கூட இல்லையே."

முதலில் ஸ்கோர்கார்டைப் பாருங்கள் தம்பி. 1975 ஜனவரி 11, சேப்பாக்கம், வெஸ்ட் இண்டீஸோடு நாலாவது டெஸ்டின் முதல் நாள். காவஸ்கர் காயம்பட்டு வெளியே. ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட். 117க்கு 8 போய்விட்டது. அங்கிருந்து ஸ்கோர் 190 வரை போனது. அதில் விஸ்வநாத் மட்டும் 97. அடுத்த பெரிய ஸ்கோர் அசோக் மன்கட் அடித்த 19. அவ்வளவுதான் அந்த அணி.

பேடி 14 அடித்துக் கூட நின்றார், ஒன்பதாவது விக்கெட்டுக்கு 52. அப்புறம் சந்திரசேகர் வந்தார். சந்திராவின் பேட்டிங்கைப் பற்றி இந்தத் தலைமுறைக்கு எப்படிச் சொல்வது? அவர் மட்டையோடு இறங்கினால் எதிரணி அடுத்த இன்னிங்ஸுக்கு பேட் கட்டப் போய்விடும். அவரை வைத்துக்கொண்டு 21. சந்திரா 1 ரன்னில் அவுட், கிளைவ் லாயிட் பிடித்தார். மறுமுனையில் 97இல் இவர்.

நான் அன்றைக்கு கேலரியில் இருந்தேன். பத்து வயசு. ராபர்ட்ஸ் போட்ட பந்தை ஸ்கொயர் கட் அடித்ததும் அது கம்பி வேலியில் மோதி மணி மாதிரி சத்தம் வந்தது இன்னும் காதில் இருக்கிறது. சராசரியில் அந்தச் சத்தம் ஏறாது.

மார்ச் 2, இரவு

அவசரத்தில் விட்டது: அந்த டெஸ்டை நாம் 100 ரன்னில் ஜெயித்தோம். 190, 256. அவர்கள் 192, 154. விஸ்வநாத் இரண்டாவது இன்னிங்ஸில் 46. சுழற்பந்து போட்ட பிரசன்னாவையும் பேடியையும் பாராட்டாமல் இதைப் பேசக்கூடாது, ஆனால் கேள்வி அவர்களைப் பற்றி இல்லை.

"தொடரை ஜெயித்துக் கொடுத்த இன்னிங்ஸ்" என்று வேறு ஒருவரிடம் இன்று போனில் சொல்லிவிட்டேன். தப்பு. தொடர் 3-2 என்று அவர்களுக்குப் போனது. முதல் இரண்டு தோல்வி, கல்கத்தாவிலும் சென்னையிலும் வெற்றி, பம்பாயில் தோல்வி. கல்கத்தாவில் விஸ்வநாத் 139, சென்னையில் 97, பம்பாயில் 95. அந்த மூன்று ரன்னும் ஐந்து ரன்னும் சேர்ந்திருந்தால் சதம் 16 ஆகியிருக்கும், நம் தம்பியும் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டிருப்பார். தொடரில் மொத்தம் 568.

மார்ச் 3

"அப்படி என்ன கட்?" என்று கேட்கிறீர்கள். உட்கார்ந்து எழுதுகிறேன்.

ராபர்ட்ஸிடம் இரண்டு விதமான பவுன்சர் உண்டு. முதலில் ஒன்று, கொஞ்சம் மெதுவாக. பேட்ஸ்மேன் அதைச் சமாளித்துவிட்டு "இவ்வளவுதானா" என்று நினைப்பார். அடுத்தது பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் ஒரு மடங்கு வேகம். மூஞ்சியில் வாங்கியவர்கள் பலர். ஹெல்மெட் என்ற சமாச்சாரமே அப்போது கிடையாது. சேப்பாக்கத்து ஆடுகளமோ அன்றைக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

விஸ்வநாத் குள்ளம். நெஞ்சுக்கு வருகிற பந்து அவருக்குத் தோளுக்கு வரும். அதற்குக் குனிந்து தப்பிப்பதுதான் புத்திசாலித்தனம். இவர் பின்னங்காலில் போய், கால் விரலில் எம்பி, பந்து கிட்டத்தட்ட உடம்பைத் தாண்டின பிறகு மட்டையை அதன் மேலே கொண்டுவந்து கீழே அமுக்கி அடிப்பார். மேலிருந்து கீழே, அதுதான் விஷயம். கீழிருந்து மேலே போனால் மட்டைக்குப் பின்னால் காத்திருக்கிற கல்லிக்கோ மூன்றாவது ஸ்லிப்புக்கோ கேட்ச். தோள் பலத்தில் வருகிற அடி இல்லை. மணிக்கட்டு கடைசி நொடியில் ஒரு திருப்பு. தயிர்சாதம் பிசைகிற கை என்று எங்கள் தெருவில் ஒரு மாமி சொல்வார். கர்நாடகாக்காரர், பிசிபேளாபாத் என்று நாங்கள் திருத்துவோம்.

கல்லியைத் தள்ளி வைத்தால் லேட் கட். பாயின்ட்டைப் பின்னால் இழுத்தால் இன்னும் கொஞ்சம் முன்னால். ஒரே அடிதான், அரை விநாடி முன்னே பின்னே.

சந்திரா வந்த பிறகு அடிப்பதைவிட அடிக்காமல் இருப்பது கஷ்டம். ஓவரின் நாலாவது பந்துவரை பவுண்டரி மட்டும் தேட வேண்டும், ஐந்தாவது ஆறாவதில் ஒற்றை ஓட்டம். பந்துவீசுகிற அணிக்கும் இது தெரியும். அதனால் ஐந்தாவது பந்துக்கு எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள், சந்திரா அடுத்த ஓவர் முழுவதையும் சந்திக்கட்டும் என்று. 21 ரன் என்று ஒரே எண்ணாகப் படிக்கிறோம், அதற்குள் இந்தக் கண்ணாமூச்சி அத்தனையும் இருக்கிறது.

எங்கள் தெருவில் (திருவல்லிக்கேணி, கோயிலுக்குப் பின்பக்கம்) அதற்கப்புறம் ரப்பர் பந்தில் கட் தவிர வேறு எதுவும் யாரும் ஆடவில்லை. ஆஃப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணை. திண்ணையில் வடாம் காயும். போதும், மேலே சொல்ல வேண்டாம்.

மார்ச் 3, மதியம்

ஆமாம், விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டுமலர்க்காரர்கள் 2001இல் போட்ட நூறு சிறந்த டெஸ்ட் இன்னிங்ஸ் பட்டியலில் இது 38வது. சதம் இல்லாத இன்னிங்ஸ்களில் இரண்டாவது. இதைச் சொன்னால்தான் சிலருக்கு நம்பிக்கை வருகிறது. எனக்கு அந்தப் பட்டியல் வருவதற்கு முன்பே வந்துவிட்டது.

மார்ச் 5

எதிர்பார்த்தபடி காவஸ்கர் வந்துவிட்டார். "10,122 ரன் அடித்தவர் இருக்கும்போது 6,080 அடித்தவரை ஏன்..." என்று.

இரண்டு பேரையும் மோதவிட்டு விளையாடுகிற பழக்கம் நம்மிடம்தான். அவர்கள் மைத்துனர்கள். காவஸ்கரின் தங்கை கவிதாவைத்தான் விஸ்வநாத் மணந்தார். காவஸ்கர் தன் மகனுக்கு ரோகன் ஜெய்விஷ்வா என்று பெயர் வைத்தார்: ரோகன் கன்ஹாய், ஜெய்சிம்ஹா, விஸ்வநாத். ஒரே பெயரில் மூன்று பேர். நம் ஊரில் தாத்தா பாட்டி பெயர்களையெல்லாம் சேர்த்துக் கட்டி வைப்பார்களே, அது மாதிரி.

காவஸ்கர் ஆடினால் நிம்மதியாக இருக்கும். விஸ்வநாத் ஆடினால் நிம்மதி இருக்காது. முதல் இருபது ரன்னுக்குள் எப்போது வேண்டுமானாலும் போவார். 1969 நவம்பரில் கான்பூரில் ஆஸ்திரேலியாவோடு முதல் டெஸ்ட், முதல் இன்னிங்ஸில் டக். இருபது வயசுப் பையன். இரண்டாவது இன்னிங்ஸில் 137. இரண்டும் ஒரே ஆள்தான், கடைசிவரை அப்படியேதான் இருந்தார்.

இன்னொன்றும் உண்டு. அதுவரை அறிமுக டெஸ்டில் சதம் அடித்த இந்தியர்கள் யாரும் அதற்கப்புறம் இன்னொரு சதம் அடித்ததில்லை. லாலா அமர்நாத், ஷோதன், நம் ஊர் கிருபால் சிங் (1955இல் ஹைதராபாத்தில் நியூசிலாந்தோடு), அப்பாஸ் அலி பேக், ஹனுமந்த் சிங். எல்லாருக்கும் ஒன்றோடு சரி. தோஷம் என்றே பேசினார்கள். விஸ்வநாத்துக்கும் இரண்டாவது சதம் வர மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது, அதுவரை ஜோசியர்களுக்குக் கொண்டாட்டம். அந்தத் தோஷத்தைக் கழித்தவர் இவர்.

மார்ச் 5, இரவு

முதல்தர ஆட்டத்தில் அறிமுகம் இன்னும் விசேஷம். மைசூருக்காக ஆந்திராவோடு, 230. பத்திராவதியில் பிறந்த பையன். ஆள் சின்னதாக இருக்கிறான் என்று பள்ளி வயசில் ஒதுக்கியவர்கள் அன்றைக்கு என்ன நினைத்திருப்பார்கள்.

ரஞ்சி என்றதும் 1973-74 அரையிறுதி நினைவுக்கு வருகிறது. பம்பாய் பதினைந்து வருஷமாகக் கோப்பையை வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்த காலம். பெங்களூரில் கர்நாடகா அதை உடைத்தது. விஸ்வநாத் 162, பிரிஜேஷ் படேலும் சதம். மெட்ராஸ்காரர்களுக்கு அதில் லாபம் ஒன்றும் இல்லை, இருந்தும் எங்கள் தெருவில் சந்தோஷப்பட்டார்கள். பம்பாய் தோற்றதே ஒரு பண்டிகை.

மார்ச் 6

சேப்பாக்கத்தில் விக்கெட் விழுந்தாலோ பவுண்டரி போனாலோ ரேடியோவில் வருவதற்கு முன்பே திருவல்லிக்கேணி மொட்டை மாடிகளுக்குச் சத்தம் வந்துவிடும். அந்த 97 அன்றைக்கும் அப்படித்தான். மாடியில் முதலில் "ஓ"வென்று கேட்கும், அப்புறம்தான் வர்ணனையாளர் சொல்வார். அது ஒரு தனி அனுபவம்.

மார்ச் 6, மதியம்

திருத்தம் வந்திருக்கிறது. பௌதிக ஆசிரியராம். ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி ஆகும், ரேடியோ அலைக்கு நேரமே ஆகாது, ஆகவே சத்தம் டிரான்சிஸ்டரில்தான் முதலில் வந்திருக்க வேண்டும், மாடியில் பிறகு என்கிறார்.

அவர் சொல்வது சரி. யோசித்துப் பார்த்தால் என் நினைவிலும் அப்படித்தான் இருக்கிறது. முதலில் பெட்டிக்குள் "ஓ", அப்புறம் ஜன்னல் வழியாக அதே "ஓ", கொஞ்சம் மங்கலாக. ஒரே விக்கெட் இரண்டு தடவை விழும். மாடிக்கும் ரேடியோவுக்கும் நடுவில் வரிசையை நான்தான் மாற்றிவிட்டேன்.

இன்னொருவர் கேட்கிறார்: "ஐயா, கேலரியில் இருந்த உங்களுக்கு மாடியில் கேட்ட சத்தம் எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. மற்ற டெஸ்ட்களில் கேட்டதாக இருக்கும்.

மார்ச் 8

அண்ணன் போன் செய்தார். யாரோ அவருக்கு இதையெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள்.

"நீ எங்கடா வந்த கிரவுண்டுக்கு? உனக்கு அம்மை போட்டிருந்துது."

நான் இல்லை என்றேன். அவர் விடவில்லை. சித்தப்பாவும் அவரும்தான் போனார்களாம். அம்மை போட்ட வீட்டிலிருந்து யாரும் வெளியே போகக்கூடாது என்று பாட்டி வாசலில் நின்றுகொண்டு தடுத்ததும், டிக்கெட்டுக்குக் கொடுத்த காசை மாரியாத்தாவா திருப்பித் தருவாள் என்று சித்தப்பா கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் அண்ணனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என்னை மாடி அறையில் வேப்பிலையோடு படுக்க வைத்துவிட்டு, அழாமல் இருக்க சித்தப்பா தன் டிரான்சிஸ்டரை விட்டுவிட்டுப் போனாராம்.

"மூணாம் தண்ணி ஊத்தற வரைக்கும் நீ அந்த ரூமை விட்டே வரல" என்றார்.

கம்பி வேலியில் பந்து மோதின சத்தம் எனக்குத் தெரியுமே என்றேன். அவர் சிரித்தார். பெரியவர்கள் சிரிக்கிற அந்தச் சிரிப்பு எனக்கு அறுபது வயசிலும் பிடிக்கவில்லை.

மார்ச் 8, இரவு

எனக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முகம் தெளிவாக வருகிறது. வகுப்பில் என்னோடு படித்தவன், காகிதப் பொட்டலத்தில் வேர்க்கடலை கொண்டுவந்திருந்தான், பந்து வேலியில் மோதினதும் பொட்டலம் கொட்டிவிட்டது.

அவன் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில்தான் சேர்ந்தான். 1978.

மார்ச் 9, விடிகாலை

சரி. ஒப்புக்கொள்கிறேன். நான் நேரில் பார்த்தது 1979 ஜனவரி. அதே சேப்பாக்கம், அதே வெஸ்ட் இண்டீஸ், ஆனால் காளிச்சரண் தலைமையில் வந்த அணி. லாயிட், ராபர்ட்ஸ் எல்லாரும் கெர்ரி பேக்கர் தனியாக நடத்தின போட்டிகளுக்குப் போயிருந்தார்கள். பந்து போட்டது சில்வெஸ்டர் கிளார்க், நார்பர்ட் பிலிப். இந்தியா 255, அதில் விஸ்வநாத் 124. சின்ன ஸ்கோர் ஆட்டம், கடைசியில் 3 விக்கெட்டில் தப்பித்து ஜெயித்தோம். என் கம்பி வேலி சத்தம் அந்த 124இல் ஒரு நாலு ரன்.

அதை எடுத்து நானே 1975இல் ஒட்டவைத்திருக்கிறேன். பந்து போட்டவரின் முகத்தையும் மாற்றியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை ரயிலில் "நான் பார்த்தேன்" என்று சொல்லியிருப்பேன். யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. ஒரு தடவை எதிர் சீட்டில் இருந்தவர் "நானும் அங்கே இருந்தேன், நீங்கள் சொல்வது அப்படியே உண்மை" என்றார். அவர் எங்கே இருந்தாரோ.

அந்த இன்னிங்ஸின் வீடியோவை நான் பார்த்ததில்லை. சென்னைக்குத் தொலைக்காட்சியே 1975 ஆகஸ்டில்தான் வந்தது. ஏழு மாசம் முந்திவிட்டார் விஸ்வநாத்.

மார்ச் 9, காலை

"பொய் சொன்னவர் சொல்கிற கட் ஷாட்டை எப்படி நம்புவது?" நம்ப வேண்டாம். ஸ்கோர்கார்டு பொய் சொல்லவில்லை. கட் எப்படி அடிப்பார் என்று நான் எழுதினது 1979இலும் அதற்கப்புறமும் பார்த்தது. 1975இல் அதை மாற்றி அடித்திருக்க மாட்டார். மனுஷனுக்கு அந்தப் பந்துக்கு வேறு அடி தெரியாது.

மார்ச் 11

பேச்சு இங்கிலாந்து விக்கெட் கீப்பர் பாப் டெய்லர் பக்கம் போய்விட்டது. சுருக்கமாக, தெரியாதவர்களுக்கு: 1980 பிப்ரவரி, பம்பாய், கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழா டெஸ்ட், இங்கிலாந்தோடு. கேப்டன் விஸ்வநாத். இங்கிலாந்து 58க்கு 5 என்று தவித்து, போத்தமும் டெய்லரும் நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். கபில்தேவ் பந்தில் டெய்லர் கீப்பரிடம் கேட்ச் என்று நடுவர் ஹனுமந்த ராவ் விரலைத் தூக்கிவிட்டார். டெய்லர் தயங்கினார். ஸ்லிப்பில் நின்ற விஸ்வநாத்துக்கு மட்டையில் படவில்லை என்று தெரியும். நடுவரிடம் போய்ப் பேசி, திரும்பக் கூப்பிட்டார். அந்த ஜோடி 171 ரன் சேர்த்தது. டெய்லர் 43, போத்தம் 114. போத்தம் ஆட்டத்தில் 13 விக்கெட்டும் எடுத்தார். நாம் 10 விக்கெட்டில் தோற்றோம்.

"நல்ல பேர் அவருக்கு, தோல்வி நமக்கு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதையே அன்றைக்கு என் சித்தப்பாவும் சொன்னார், இதைவிடக் காரமாக. நானும் ஆமாம் போட்டேன், பதினைந்து வயசு. கேப்டனாக இருந்ததே இரண்டு டெஸ்ட். கல்கத்தாவில் பாகிஸ்தானோடு டிரா, இங்கே தோல்வி. அதோடு முடிந்தது.

பின்னால் விஸ்வநாத் ஐசிசி மேட்ச் ரெஃப்ரியாக ஐந்து வருஷம் நாடு நாடாகப் போய், தகராறு செய்கிற வீரர்களுக்கு அபராதம் போட்டார். அந்த வேலைக்கு வேறு நேர்முகத் தேர்வு எதற்கு?

அந்த ஆட்டத்தில் இன்னொரு கூத்து. பிப்ரவரி 16 முழு சூரிய கிரகணம். ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளக்கூடாது என்று ஓய்வு நாளை இரண்டாவது நாளுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் பாட்டி தர்ப்பையைத் தண்ணீர்க் குடத்தில் போட்டுவிட்டு, "பாரு, கிரிக்கெட்காரனே பயந்துட்டான்" என்றார்.

மார்ச் 12

இங்கிலாந்தோடு ஆடின ஓவல் 1979ஐயும் கேட்கிறார்கள். நான்காவது இன்னிங்ஸில் 438 வேண்டும், காவஸ்கர் 221, 429க்கு 8இல் நேரம் முடிந்தது. ஒன்பது ரன். அந்த விரட்டலில் விஸ்வநாத்தை அவருடைய நாலாவது இடத்தில் இறக்காமல் கபில்தேவை அனுப்பினார்கள், கபில் டக். விஸ்வநாத் வரும்போது நேரமும் இல்லை, நிதானமும் இல்லை, 15. கேப்டன் நம் ஊர் வெங்கட்ராகவன். அதனால் சென்னையில் இதைப் பற்றிக் குரலை இறக்கித்தான் பேசுவோம்.

மூன்று வருஷம் முன்னால், 1976 ஏப்ரலில், வெஸ்ட் இண்டீஸோடு போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 403 துரத்தி 406 எடுத்தோமே, அதில் இதே ஆள் 112. ரன் அவுட்டாகித்தான் போனார். காவஸ்கர் 102, மொகிந்தர் 85. துரத்தலுக்கு ஆகாதவர் என்று சொல்ல முடியாது.

அதற்கு அடுத்த டெஸ்ட் கிங்ஸ்டன். ஹோல்டிங் பந்தில் விஸ்வநாத்துக்கு விரல் முறிந்தது, கெய்க்வாடுக்குக் காதில் அடி, படேலுக்கு வாயில். இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து பேர் ஆட வரவே இல்லை. மொத்த அணியின் ஸ்கோர் என்ன தெரியுமா? 97.

இதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. எண் ஒத்துப்போனதால் எழுதினேன். பெரிசுகளுக்கு இதெல்லாம் பொழுதுபோக்கு.

மார்ச் 14

"நிஜமாகவே மைதானத்தில் இருந்து பார்த்ததைச் சொல்லுங்களேன்" என்று கிண்டல். சொல்கிறேன். சாட்சி இருக்கிறது, டிக்கெட் கிழிசல்கூட எங்கேயோ இருக்க வேண்டும்.

1982 ஜனவரி 14, பொங்கல் அன்று. இங்கிலாந்தோடு டெஸ்ட், இரண்டாவது நாள். காலையில் விஸ்வநாத்தும் யஷ்பால் சர்மாவும் உள்ளே போனார்கள். சாயங்காலம் அதே இருவரும் வெளியே வந்தார்கள். முழு நாளும் ஒரு விக்கெட்கூட விழவில்லை. விஸ்வநாத் கடைசியில் 222, பத்து மணி நேரத்துக்கு மேல் ஆட்டம், டெஸ்டில் அவருடைய அதிகபட்சம். யஷ்பால் 140. அவர்கள் சேர்த்தது 316.

எனக்குப் பதினேழு வயசு. காலையில் வயிறு முட்டச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டு இடைவேளைக்கப்புறம் தூங்கிவிட்டேன். முழித்துப் பார்த்தால் அதே இரண்டு பேர். பக்கத்தில் இருந்தவரிடம் என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகல" என்றார். அதில் ஒரு அடிகூட இப்போது கண்ணில் வரவில்லை. கரும்பு கடித்து வாய் ஓரம் கிழிந்தது மட்டும் ஞாபகம்.

மார்ச் 15

முதலில் கேட்ட தம்பி திரும்பி வந்திருக்கிறார். கோபமாக இல்லை, அதுவே பெரிய விஷயம். "சரி, 97ஐ விடுங்கள். 41.93க்கு என்ன சொல்கிறீர்கள்?" என்கிறார்.

41.93 ஒன்றும் மோசம் இல்லை என்பதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். ஹெல்மெட் இல்லாத தலை, வேகப்பந்து போட ஆளே இல்லாத அணி. வலையில் பயிற்சி எடுக்கக்கூட நம்மிடம் வேகம் கிடையாது. அதில் 91 டெஸ்ட், அவற்றில் 87 தொடர்ச்சியாக. 1971இலிருந்து 1983 கராச்சிவரை ஒன்றைக்கூட விடவில்லை. கிங்ஸ்டனில் முறிந்த விரல்கூட அடுத்த தொடருக்குள் ஒழுங்காகக் கூடிவிட்டது.

இன்னொன்று: அவர் சதம் அடித்த எந்த டெஸ்டிலும் இந்தியா தோற்கவில்லை. கல்கத்தா, போர்ட் ஆஃப் ஸ்பெயின், சென்னை, 1981 மெல்போர்ன் எல்லாம் வெற்றி. மெல்போர்னில் முதல் இன்னிங்ஸ் 237இல் 114 இவர். அந்த ஆட்டத்தை எல்லாரும் காவஸ்கர் கோபித்துக்கொண்டு வெளியேறினதற்கும், கபில் 28க்கு 5 எடுத்து ஆஸ்திரேலியாவை 83இல் சுருட்டினதற்கும்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். இவருடைய 114ஐ நானே இப்போது எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஆனால் உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 1982-83 பாகிஸ்தான் தொடரில் இம்ரானுக்கு முன்னால் அவரால் ஒன்றும் முடியவில்லை. அதோடு எடுத்துவிட்டார்கள். அந்த வருஷம் ஜூனில் லார்ட்ஸில் கோப்பை தூக்கினபோது அவர் அணியில் இல்லை. நான் அப்போது "ஒரு தொடர் முன்னாலேயே எடுத்திருக்கலாம்" என்று சொன்னவன். இதையும் எழுதிவைக்கிறேன், அண்ணன் போன் செய்வதற்கு முன்னால்.

மார்ச் 17

நேற்று நானே அண்ணனுக்குப் போன் செய்தேன். நீ பார்த்ததையாவது சொல், கடைசி விக்கெட் எப்படி விழுந்தது, லாயிட் எங்கே நின்றார் என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் பாக்கலடா. முன்னாடி இருந்தவனெல்லாம் எழுந்துட்டான். எனக்கு முதுகுதான் தெரிஞ்சுது. சத்தம் வந்துது, சந்திரா போயிட்டான்னு புரிஞ்சுது" என்றார். அப்போது அவருக்குப் பதிமூன்று வயசு, ஆளும் குள்ளம்.

அந்தச் சத்தத்தை நான் இரண்டு தடவை கேட்டேன் என்றேன். ஒன்று டிரான்சிஸ்டரில், ஒன்று ஜன்னலில். அது "ஓ" இல்லை, "ஐயோ". இதில் சந்தேகமே கிடையாது, ஏனென்றால் இரண்டாவது "ஐயோ" வரும்போது நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன், வேப்பிலைக் கொத்து கீழே விழுந்துவிட்டது.

"அப்ப சித்தப்பாதான் பாத்திருக்கார்" என்றார் அண்ணன். சித்தப்பா போய் இருபது வருஷம் ஆகிறது.

அவர் வீட்டுக்கு வந்து என்ன சொன்னார் என்று கேட்டேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே பாட்டியிடம் சொன்னாராம், "சந்திரா மேல தப்பே இல்ல." பாட்டிக்குச் சந்திரா யார் என்றே தெரியாது. "யாரு மேலயும் தப்பு வேண்டாம், முதல்ல கால் அலம்பிண்டு உள்ள வா, பையனுக்கு அம்மை" என்றாராம்.